வல்லநாட்டில் நிற்காத நூல்

உப்புக்கிட்டங்கித் தெருவில் முப்பத்தெட்டு வீடுகளும் இரண்டு குழாயடிகளும் எல்லோருக்கும் பொதுவாக ஒரு காரும் இருந்தன. அந்தக் காரின் கியர் பெட்டியிலிருந்து பழைய ஆயிலை நான் வடித்த ஞாயிற்றுக்கிழமை காலையில், தட்டில் விழுந்த ஆயில் விளிம்பைத் தாண்டி எழுந்து, நூல் நூலாகப் பிரிந்து, கார் அதுவரை போன இடங்களுக்கெல்லாம் மறுபடி போகத் தொடங்கியது.

செந்தூர்பாண்டி அண்ணாச்சி எதிரே இருந்த தன் மளிகைக் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். தெருக் கமிட்டித் தலைவர் அவர்தான்.

“எட்டி பேச்சி, இது கறை பிடிக்குமா?”

நான் குனிந்து ஒரு நூலைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒட்டவில்லை. “பிடிக்காது அண்ணாச்சி.”

“அப்பம் போகட்டும்,” என்று சொல்லிவிட்டுப் பருப்பு நிறுக்கப் போய்விட்டார்.

தூத்துக்குடியில் அப்போது கிளட்ச் இல்லாத வண்டிகள் அதிகம் கிடையாது. எங்கள் தெரு அப்படி ஒன்றைத் தேடிப் பழையதாக வாங்கியதற்குக் காரணம் என் அப்பா தவசிமுத்துவின் இடது கால். துறைமுகத்தில் சரக்குப் பெட்டி சரிந்ததிலிருந்து அது மடங்காது; ஒரு காலால் ஓட்டக்கூடிய வண்டி இருந்தால் அவருக்கும் வேலையாயிற்று, தெருவுக்கும் வண்டியாயிற்று என்று கமிட்டி முடிவு செய்தது. நெஞ்சுவலிக்கும் பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் அது போகும், கல்யாணத்துக்கும் சினிமாவுக்கும் போகாது, யாருக்கும் ஒன்றுமில்லாத நாட்களில் தகரக் கொட்டகையை விட்டு நகரக் கூடாது, அப்பா ஊரில் இல்லையென்றால் லேத் பட்டறை சார்லஸ் அண்ணன் ஓட்டுவார். இதுதான் தெருவின் சட்டம். மற்ற நேரமெல்லாம் அப்பா வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்.

அந்த வண்டிக்கு ஒரு குறை உண்டு என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். கியரைப் போட்டால் உடனே பிடிக்காது, வழுக்கும். அப்பா கியரைப் போட்டு, பிரேக்கில் காலை வைத்தபடி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று எண்ணிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். பின்னால் இருப்பவர்களும், பிரசவ வலியில் இருப்பவள் உட்பட, கூடவே எண்ணுவார்கள். அந்தக் குறை தெரியவந்தது லிங்கதுரை மாமா இறந்த அன்றைக்கு. நான் ஆயில் வடித்ததற்கு இரண்டு வருடம் முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை அது. கியர் ஒரு மாதிரி இருக்கிறது, நாற்கரச் சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அப்பா காலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். பதினொரு மணி சுமாருக்கு மாமாவுக்கு நெஞ்சு வலித்தது. அவர் மனைவி பொன்ராணி அத்தை அப்பாவுக்குப் போன் செய்தாள். “இந்தா வந்துட்டேன் தாயி, வல்லநாட்டுல நிக்கேன், கியர் லேசா வழுக்குது, வந்துட்டேன்,” என்றார் அப்பா. வல்லநாடு திருநெல்வேலி போகும் வழியில் முக்கால் மணி நேரத் தூரம். ஆம்புலன்சைக் கூப்பிடவா என்று நான்கு பேர் கேட்டார்கள். நம்ம வண்டியே வந்துட்டாம், எதுக்கு, என்று அத்தை சொல்லிவிட்டாள். வண்டி வந்து சேரும்போது ஒரு மணி ஆகப் போயிருந்தது. மாமா ஆஸ்பத்திரி வாசலில் இறந்தார்.

நான் அன்று ஊரில் இல்லை. திருநெல்வேலி தாண்டி இருக்கும் என் கல்லூரியில் பட்டம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

தெரு அப்பாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரும்பு செய்ததற்கு மனுசன் என்ன செய்வான் என்றார்கள். அத்தை மட்டும் தினமும் காலையில் வாசல் பெருக்கும்போது கொட்டகையைப் பார்த்து நின்று, “சவத்து வண்டி, நீ நல்லா இருப்பியா, உன் சக்கரம் உருப்படுமா,” என்று வைவாள். வைது முடித்துவிட்டு அப்பாவிடம், “அண்ணன், சாளைக் கொழம்பு வச்சிருக்கேன், ஏனம் கொண்டாங்க,” என்பாள்.

சென்னையில் ஒன்றரை வருடம் வேலை பார்த்துவிட்டு, கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது நான் ஊருக்குத் திரும்பினேன். படித்த படிப்பு மெக்கானிக்கல் என்பதால், அந்த வழுக்கலைச் சரி செய்வது என் கடமை என்று எனக்குப் பட்டது. வண்டியோடு வந்த கையேட்டை மூன்று முறை படித்தேன். நான் எதையும் மூன்று முறை படிக்காமல் தொடமாட்டேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் கல்லூரிக்குப் போனவர்கள் யாருமில்லை, தப்பாகப் போனால் யாரிடம் கேட்பது என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

“நல்லா ஓடுத வண்டிய எதுக்கு பிள்ள நோண்டுத?” என்றார் அப்பா.

“எங்கப்பா நல்லா ஓடுது? அஞ்சு எண்ண வேண்டியிருக்கே.”

நான்கு சக்கரத்துக்கும் கீழே கல் வைத்து, கொத்தனாரிடம் இரவல் வாங்கிய ரசமட்டத்தால் வண்டி சமமாக நிற்கிறதா என்று பார்த்தேன். எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு ஆயிலைச் சூடாக்கினேன். புது ஆயில் ஊற்றும் வாயைத் திறக்க முடிகிறதா என்று உறுதி செய்துகொண்டு, அதற்குப் பிறகே கீழே போய் வடிக்கும் போல்ட்டைக் கழற்றினேன். ஆயில் பழுப்பும் சிவப்புமாக இறங்கியது. முகர்ந்து பார்த்தேன். இரண்டு வருடம் வழுக்கிய பெட்டியின் ஆயில் கருத்துப்போய்க் கருகல் வாடை அடிக்க வேண்டும், அடிக்கவில்லை. போல்ட் முனையில் இருக்கும் காந்தத்தில் இரும்புத் துணுக்கு ஒட்டியிருக்க வேண்டும். கண்மை போல கொஞ்சம் பசை மட்டும் இருந்தது. என் கையில் இருந்த பெட்டி ஆரோக்கியமான பெட்டி. ஆனால் நான் அப்பாவைச் சந்தேகப்படவில்லை. என் படிப்பைத்தான் சந்தேகப்பட்டேன்.

அப்போதுதான் நூல்கள் கிளம்பின.

ஞாயிற்றுக்கிழமைப் பயணங்கள் ஞாயிறன்றும் திங்கள்கிழமைப் பயணங்கள் திங்களன்றும் என்று, அந்தந்தப் பயணம் கிளம்பிய நேரம் வரும்வரை தட்டில் காத்திருந்து, கார் போன வேகத்திலேயே போய், கார் நின்ற இடத்தில் அதே அளவு நேரம் பொட்டாகத் தேங்கி நின்று, கொட்டகைக்குத் திரும்பித் தட்டில் இறங்கின. எத்தனை நூல்கள் வெளியே போனாலும் தட்டில் ஆயில் மூன்றரை லிட்டர் அளவுக்கோட்டிலிருந்து இறங்கவில்லை. எனவே மூன்றரை லிட்டர் புது ஆயிலை அளந்து ஊற்றினேன். அன்று மாலை ஓட்டிப் பார்த்த அப்பா ஐந்து எண்ணித்தான் வண்டியை எடுத்தார்.

தெரு நூல்களோடு வாழப் பழக இரண்டு நாள் கூட எடுத்துக்கொள்ளவில்லை. பெண்கள் நூல் வரும் இடம் பார்த்துக் கோலத்தைத் தள்ளிப் போட்டார்கள், தண்ணீர் வண்டிக்காரர் நூலைக் கண்டால் குழாயைத் தூக்கிப் பிடித்துக் கடந்தார், ஆடுகள் முதல் நாள் முகர்ந்துவிட்டு இரண்டாம் நாளிலிருந்து தாண்டிப் போயின, நகரப் பேருந்தின் நடத்துநர் டிக்கெட் கிழித்துக்கொண்டே “அண்ணே, முன்னால உப்புக்கிட்டங்கி ஆயில் போகுது, மெதுவா,” என்று டிரைவருக்குச் சொன்னார். பிள்ளை பெற்றவர்கள் தங்கள் நூல் எது என்று பார்த்து, அது ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புவதை, வரும்போது நீயும் இருந்தாய் என்று குழந்தைக்குக் காட்டினார்கள். புதன்கிழமை ஒரு நூல் கோவில்பட்டிப் பக்கம் போயிற்று. அண்ணாச்சி மூட்டுவலி வைத்தியரைப் பார்க்கப் போவதாகச் சொல்லி மாதம் ஒருமுறை போகும் வழி அது. சார்லஸ் அண்ணன் ஸ்கூட்டரில் பின்னாலேயே போய், நூல் ஒரு புரோட்டா கடை வாசலில் முக்கால் மணி நேரம் நின்றதைப் பார்த்துவிட்டு வந்தார்.

“வைத்தியர் சால்னா நல்லா ஊத்துவாரோ அண்ணாச்சி?”

“ஏல, சுகர்காரனுக்கு வீட்டுல என்னத்தப் போடுதாவ? கேட்டியா தவசி, நீதான் இவன்ட்ட ஒரு வார்த்த சொல்லிட்டியா?”

அப்பா சொல்லியிருக்க மாட்டார். காரில் ஏறியவர்களின் எந்த ரகசியமும் அவரிடமிருந்து இறங்கியதில்லை. அதற்காகவே தெரு அவரை நம்பியது. அந்த வாரம் முழுக்க இப்படிச் சின்னச் சின்னப் பொய்கள் வெளிப்பட்டன, தெரு சிரித்தது, பொய் சொன்னவர்களும் சிரித்தார்கள்.

சனிக்கிழமை நூல்கள் எல்லாம் தட்டுக்குத் திரும்பிய பிறகு, நான் கடை முன்னால் நின்று விளக்கினேன். இந்த மாதிரி வண்டியில் ஒரு தடவை வடித்தால் பாதி கூட வராது. மீதி ஆயில் பெட்டியின் உள் அறைகளிலேயே தங்கிவிடும். புதியதை ஊற்றி ஒரு வாரம் ஓட்டி, பழையதோடு கலந்த பிறகு இன்னொரு தடவை வடிக்க வேண்டும். ஆழத்தில் கிடக்கும் பழைய பயணங்கள் அப்போதுதான் வெளியே வரும்.

“ஒரு தடவ போதும் தாயி,” என்றார் அப்பா. “சும்மா சும்மா தொறந்தா போல்ட்டு மரை போயிரும்.”

“மரை போகாதுப்பா, புது வாஷர் வச்சிருக்கேன்.”

“போதும்ங்கேன்லா.”

அவர் என்னிடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சரி என்று சொல்லியிருப்பேன். ஆனால் பொன்ராணி அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“பேச்சி, அப்பம் உங்க மாமா போன அன்னைக்கு ஓடுன ஓட்டமும் அதுலதான கெடக்கும்?”

“கெடக்கும் அத்தை.”

“நாங்க அந்த வண்டியில ஏறுனது அன்னைக்கு ஒரு நாள்தான். எங்க வாசலத் தொடுற நூலு ஒன்னே ஒன்னுதான் இருக்கும். அது வாறத நான் பாக்கணும். கடைசியா அவரு போன வழியில நானும் கூட நடப்பேன். செய்வியா?”

செய்கிறேன் என்றேன். அத்தை என் கையைப் பிடித்து அழுத்தினாள். அப்பா ஸ்டூலிலிருந்து எழுந்து வீட்டுக்குள் போனார்.

மறுநாள் ஏழு மணிக்கு வடித்தேன். எட்டு மணிக்கு ஒரு நூல் தனியாகக் கிளம்பி, தெருவைத் தாண்டி மேற்கே, வல்லநாட்டுப் பக்கம் திரும்பியது. அதுதான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. சார்லஸ் அண்ணன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அதன் நுனியோடு போனார். அத்தை வாசலைக் கழுவி, அவளே பறித்த அரளிப்பூவை ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். அண்ணாச்சி தன் போனை ஸ்பீக்கரில் போட்டு அவள் பக்கத்தில் வைத்தார். தெரு அவள் வாசலில் கூடி நின்றது. அப்பா கொட்டகையில் ஸ்டூலில் இருந்தார். நான் நடுவில், எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நின்றேன்.

எட்டே முக்காலுக்குச் சார்லஸ் அண்ணன் பேசினார். “அண்ணாச்சி, வல்லநாடு வந்துட்டு.”

“நிக்குதா?”

“நிக்கலியே. நூலு பாட்டுக்குப் போயிட்டே இருக்கு.”

எல்லோரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“திரும்பி வரும்போதுதான் நின்னேன்,” என்றார் அப்பா.

அண்ணாச்சி அதை ஏற்றுக்கொண்டு தலையாட்டினார். ஓட்டிப் பார்க்கப் போனவன் பத்து கிலோமீட்டர் கூடப் போயிருப்பான், அதனால் என்ன. நூல் திருநெல்வேலியைத் தாண்டியது. ஒன்பதே காலுக்கு மறுபடி போன் வந்தது. “நின்னுட்டு அண்ணாச்சி. ஒரு காலேஜ் கேட்டுக்கு வெளிய, வாகை மரத்தடியில.” போர்டைப் படித்துவிட்டு, “நம்ம பேச்சி படிச்ச காலேஜ்லா இது,” என்றார்.

யாரும் கலையவில்லை. கார் எவ்வளவு நேரம் நின்றதோ அவ்வளவு நேரம் நூலும் நிற்கும் என்பதால், இரண்டு வருடம் முன்பு அத்தை எந்த வாசலில் காத்திருந்தாளோ அதே வாசலில், அதே வெயிலில், அதே காருக்காக, இந்த முறை தெருவோடு சேர்ந்து, இன்னொரு முறை காத்திருந்தாள். பத்து மணிக்கு நிற்கிறது என்றார். பத்தரைக்கு நிற்கிறது என்றார். யாரோ அத்தைக்கு மோர் கொண்டு வந்தார்கள், அவள் வாங்கிக் கீழே வைத்தாள். பதினொன்று பத்துக்கு அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“இப்பம்தான் நான் போன் போட்டேன்,” என்றாள்.

அண்ணாச்சி போனைக் கையில் எடுத்தார். “சார்லசு, கெளம்பிட்டா?”

“இல்ல அண்ணாச்சி. நிக்குது.”

பதினொன்று இருபதுக்கும் நின்றது. பதினொன்றரைக்கும் நின்றது. பதினொன்று முப்பத்தைந்துக்குச் சார்லஸ் அண்ணன், “கெளம்பிட்டு,” என்று சொன்ன குரலில் சுரத்தே இல்லை. “இப்பம்தான் கெளம்புது.”

திரும்பும்போதும் நூல் வல்லநாட்டில் நிற்கவில்லை. ஒரு மணிக்குக் கால் மணி இருக்கும்போது அது தெருவுக்குள் நுழைந்து, கொட்டகையைத் தாண்டி, அத்தையின் ஈர வாசலில் ஏறி, இரண்டு நிமிடம் தேங்கி நின்று, ஆஸ்பத்திரிப் பக்கம் போயிற்று. அத்தை கூட நடக்கவில்லை. பூவும் போடவில்லை. எழுந்து கொட்டகைக்கு வந்தாள், நாங்கள் எல்லோரும் பின்னால் வந்தோம்.

“வந்துட்டேன்னு சொன்னிய அண்ணன்.”

அப்பா தரையைப் பார்த்தார். அண்ணாச்சி இடையில் புகுந்தார். “பொன்ராணி, நம்ம ஊருல யாரு அப்பிடிச் சொல்லாம இருக்கா? கெளம்பும்போதே வந்துட்டேன்னுதான சொல்லுதோம்.”

“கெளம்பும்போது சொல்லுவோம் அண்ணாச்சி. கெளம்பாம சொல்ல மாட்டோம்.” அவள் அப்பாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “இருவத்தஞ்சு நிமிசம் என்ன செஞ்சிய?”

அப்பா தலை நிமிராமல் பேசினார். “மைக்குல பேரு கூப்புட்டுக்கிட்டு இருந்தாங்க. இவளுக்கு முன்னால கொஞ்சம் பேருதான் இருக்கும்னு நெனச்சேன். இவ பேர ஒரு தடவ கேட்டுட்டுக் கெளம்பிரலாம்னு நின்னேன். நெஞ்சுவலி இம்புட்டுக்கு ஆகும்னு நெனைக்கல தாயி.”

“கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“கியர் வழுக்குனது?”

“வழுக்கல.”

“ஒரு நாளும்?”

“ஒரு நாளும் வழுக்கல.”

இரண்டு வருடம் எங்கள் தெரு அந்த வண்டியில் உட்கார்ந்து, வலியோடும் காய்ச்சலோடும், பழுதே இல்லாத கியருக்காக ஐந்து எண்ணியிருக்கிறது. கூட்டத்தில் அப்போது பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி, தன் பிரசவத்தன்று அப்படி எண்ணியவள், பிள்ளையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவள் பின்னால் இன்னும் சிலர் போனார்கள்.

அத்தை அப்பாவை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அவரைச் சுற்றிக்கொண்டு போய், வண்டியின் முன்பக்கத்தில், தூசி படிந்த தகட்டில் உள்ளங்கையை வைத்தாள்.

“ரெண்டு வருசமா உன்ன வஞ்சிட்டேன்,” என்றாள் வண்டியிடம். “மனசுல வச்சுக்காத. நீ ஒன்னும் செய்யல.”

அதைச் சொல்லிவிட்டு எங்களைப் பார்க்காமல் திரும்பினாள். அப்படியே போகவிட்டிருந்தால் எல்லாம் அப்பாவோடு முடிந்திருக்கும். தெருவும் அதோடு முடித்துக்கொள்ளத் தயாராக இருந்தது. அண்ணாச்சி சாவிக்காகக் கையை நீட்டிவிட்டார். ஆனால் அப்பா ஏன் கேட்டுக்கு வெளியே நின்றார் என்று யாரும் கேட்கவில்லை, அதை அந்த இடத்தில் என் ஒருத்திக்குத்தான் கேட்கத் தெரியும், பதிலும் எனக்குத்தான் தெரியும்.

“அத்தை,” என்றேன். “அப்பா காரை எடுத்திருக்கவே வேண்டாம். அன்னைக்குக் காலையில என் கூடவே பஸ்ஸில வந்திருக்கலாம். வண்டி இங்கயே நின்னிருக்கும். சார்லஸ் அண்ணன் ஓட்டிட்டுப் போயிருப்பாங்க. காலேஜுக்குள்ள யாரையும் விடமாட்டாங்கன்னு நான்தான் அப்பாகிட்டச் சொன்னேன். அது பொய். ஆளுக்கு ரெண்டு பாஸ் கொடுத்தாங்க. என்கூடப் படிச்சவங்க எல்லாரோட அம்மா அப்பாவும் வந்தாங்க. அவங்க இங்கிலீஷ்ல பேசுவாங்க. அப்பா கால இழுத்துக்கிட்டு, வேட்டியோட வருவாங்கன்னு...” அதற்கு மேல் சொல்ல வேண்டியது மீதி இல்லை.

அத்தை நின்று கேட்டாள். பிறகு தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மற்றவர்களும் கலைந்து போக, கொட்டகையில் நாங்கள் மூன்று பேர் மிஞ்சினோம். அப்பா மடியிலிருந்து சாவியை எடுத்து அண்ணாச்சியின் கையில் வைத்தார். அண்ணாச்சி அதை வாங்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கடைக்குப் போனார். அதற்குப் பிறகுதான் அப்பா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு எப்படி நிற்பது என்று தெரிந்திருக்கும். அவர், பேருந்தில் தெரியாத ஒருவரிடம் ஊர் கேட்பதுபோலக் கேட்டார்.

“ரெண்டு பாசா?”

“ஆமாப்பா.”

“ஒருவேள வேற யாருக்கும் குடுத்திட்டியோ?”

“இல்லப்பா. பையிலயேதான் இருந்துச்சு.”

“உள்ள நாக்காலி போட்டிருந்தாங்களா?”

“போட்டிருந்தாங்க. நம்பர் எழுதி.”

“ரெண்டும் காலியாவா கெடந்துச்சு?”

எனக்குப் பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. “கடைசி வரைக்கும் காலியாத்தான் கெடந்துச்சுப்பா,” என்றேன்.

அப்பா தலையை மெல்ல ஆட்டினார். இடது காலைக் கையால் தூக்கி நேராக வைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்தார்.

“அப்பம் எடம் இருந்திருக்கு,” என்றார், என்னிடம் இல்லை, வண்டியிடமும் இல்லை.